ஏழாம் நம்பர் லயத்துக்காக வாங்கிய லென்ஸ்

தலைவர் அந்த லென்ஸின் வழியாக முதலில் பார்த்தது பதுளை பஸ் நிலையத்தை. ஸ்டூடியோ வாசற்படியில் நின்று, என் கமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து, வளையத்தை மெதுவாகத் திருகி, தூரத்தில் நின்ற பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "சார், அந்தக் கண்டக்டர் சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. இங்கேருந்து தெரியுது சார்!" என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இருக்கிறது: 1999, ஜூலை, கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து நாற்பது, வெயில். லென்ஸின் அளவையும் கண்ணாடியின் விட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். அவர் சிரித்ததை எழுதவில்லை. அது எனக்கு நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

தலைவர் என்று நான் சொல்வது, தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் தெரிவுசெய்துகொண்ட சங்கத் தலைவரை. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டம் அது. நான் அங்கே பாடசாலை ஆசிரியன். நமுனுகுலப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, படித்து, நியமனம் பெற்று வந்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பதும், மழை பெய்த நாட்களைக் குறித்து வைப்பதும், கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசிப்பதும் என் பழக்கம். தலைவர் அதைப் பார்த்து, "சாருக்குப் பொண்ணு பாத்த தேதி மறந்தாலும் மழை பேஞ்ச தேதி மறக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். உண்மைதான். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவர் என்னிடம் வந்தார்.

தொண்ணூற்றெட்டு கடைசியில் பெய்த மழைக்குப் பிறகு, ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலைச் சரிவில் ஒரு வெடிப்பு கண்டது. பன்னிரண்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக உள்ள லயம் அது. கடைசி வீடு தலைவருடையது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது தண்ணீர் வடிய வெட்டிய சாதாரணக் கான் போலத்தான் இருக்கும். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம், பாடசாலை இருக்கும் மேட்டிலிருந்து பார்த்தால்தான் அது பிறை போல வளைந்து, சரிவின் ஒரு பாதியையே அறுத்துக்கொண்டு போவது தெரியும். தலைவர் அதன் இரு கரைகளிலும் குச்சி அடித்து வைத்தார். ஒரே வாரத்தில் யாரோ விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு குடும்பங்களுக்கும் வேறு நிலத்தில் வீடு கட்டித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அத்தாட்சி இல்லாமல் பேச வேண்டாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பினார்.

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு, பாடசாலைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துக் கல்லில் நின்று படமெடுக்கத் தொடங்கினேன். மலைக்குள் வெளியாள் கமராவோடு நுழையக் கூடாது என்பது தோட்டத்துக் கட்டளை. அது போர்க்காலம். கமராவோடு திரியும் தமிழனை நிறுத்தி விசாரிக்க வேறு ஆட்களும் இருந்தார்கள். பாடசாலை வளவுக்குள் நின்றால் யாரும் கேட்க முடியாது. கமராவோடு வந்த லென்ஸ் முப்பத்தைந்திலிருந்து எண்பது மில்லிமீற்றர் வரை போவது. கலியாண வீட்டுக்கும் வகுப்புப் படத்துக்கும் போதும். ஆறு மாதம் அதில் எடுத்த ஆறு படங்களையும் தலைவர் துரையிடம் கொண்டு போனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும் துரை அவற்றைப் பார்த்தாராம். அன்று மாலை தலைவர் என் வீட்டுக்கு வந்து படங்களை மேசையில் போட்டார். "படத்துல கீறல் விழுந்திருக்காம் சார். கழுவுனவன் சரியாக் கழுவலயாம். நம்ம மலைய ஸ்டூடியோக்காரன் கீறிட்டான்னு சொல்றாரு."

அப்போதுதான் லென்ஸை மாற்றுவது என்று முடிவு செய்தோம். பண்டாரவளை நூலகத்தில் கிடந்த பழைய ஆங்கிலப் புகைப்படச் சஞ்சிகைகளை நான் ஒரு மாதம் உட்கார்ந்து வாசித்தேன். கமராக் கம்பனியே செய்யும் நீண்ட லென்ஸ் நமக்கு எட்டாது. அதே கமராவுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பனிகள் செய்து விற்கும் லென்ஸ்கள் உண்டு. அவற்றில் சில நல்லவை, பல சுமாரானவை. நீட்டிய முனையில் படம் மங்கும், பனி மூட்டத்தில் வெளிச்சம் போதாது என்றெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். தலைவரும் கூட வந்தார். அது பன்னிரண்டு வீட்டுக்கான லென்ஸ், தான் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றார்.

ஸ்டூடியோ முதலாளி இரண்டு லென்ஸ்களைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்று, பழைய நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர். நீளாது, சுருங்காது, ஒரே அளவு. மற்றது, பேர் கேள்விப்படாத கம்பனியின் ஜூம். இருபத்தெட்டில் தொடங்கி இருநூறு வரை. "மாஸ்டர், பழசு கல்லு மாதிரி இரிக்கி. கண்ணாடியும் சுத்தம். ஆனா ஒரே பார்வைதான். இதப் போட்டா மத்த லென்ஸே தேவல்ல. மழைக்குள்ள கழட்டி மாட்ற வேலயும் இல்ல" என்றார். நான் தயங்கினேன். சஞ்சிகைகள் ஒரே அளவு லென்ஸைத்தான் புகழ்ந்திருந்தன. தலைவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "இது துரை மாதிரி சார். நாம என்னா கேட்டாலும் ஒரே பார்வ." பிறகு ஜூமை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்டக்டரின் பொத்தானைப் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் மறுத்துப் பேசவில்லை. என் கமராவோடு வந்த லென்ஸை முதலாளியே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்.

வாங்கிய மறு வாரமே அதன் குணம் தெரிந்தது. பாடசாலை மேடு சரிவைவிட உயரம். கமராவைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்தால் லென்ஸின் குழாய் தன் பாரத்திலேயே நழுவி நீளும். "பெரட்டுக்கு நேரமான ஆளு மாதிரி தானாக் கௌம்புது பாருங்க" என்று தலைவர் கேலி செய்தார். நான் இடது கையால் தாங்கிக்கொள்வேன். சட்டத்துக்குள் வெடிப்பு முழுவதும் அடங்கினால் அமுக்குவேன். எத்தனை மில்லிமீற்றரில் நின்றது என்று பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு படத்தின் பின்னும் தேதி, மணி, முந்திய நாள் மழை, அன்றைய வானம் எல்லாம் எழுதினேன். அந்த ஓர் இலக்கத்தை மட்டும் எழுதவில்லை.

அந்த ஞாயிறுகளுக்கு ஒரு முறை இருந்தது. தலைவர் எதிர்ச் சரிவில் ஏறி, வெடிப்பு தொடங்கும் இடத்தில் நின்று தன் வெள்ளைத் துவாயை வீசுவார். நான் கமராவில் அந்த இடத்தைப் பிடித்ததும் கையை உயர்த்துவேன். உடனே அவர் சட்டத்துக்கு வெளியே ஒதுங்கிக்கொள்வார். இது அவரே வகுத்த விதி. "நான் அதுல நின்னா, சங்கத்துக்காரன் நின்னு நாடகம் போட்டிருக்கான்னு தூக்கிப் போட்ருவாங்க சார். மலை மட்டும் பேசட்டும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அத்தாட்சியில் ஆள் இருக்கக் கூடாது என்று எண்ணினேன். ஒரு முறை அவர் ஒதுங்கத் தாமதித்தார். "தலைவரே, தள்ளுங்க!" என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கக் கத்தினேன். லயத்துப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். அவருடைய மனைவி, "இன்னும் தள்ளச் சொல்லுங்க சார், அப்படியே தண்ணி புடிச்சிக்கிட்டு வரட்டும்!" என்று பதில் கொடுத்தார்.

பனி மூடிய ஒரு ஞாயிறு தவிர, இரண்டு ஆண்டுகளில் புதிய லென்ஸில் இருபத்து மூன்று படங்கள். பழையவற்றோடு சேர்த்து இருபத்தொன்பது. தலைவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியதன் பயனாக, 2001 ஆகஸ்டில் நிலத்தை ஆராய ஒரு பொறியியலாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். என் வகுப்பறை மேசையில் படங்களை வரிசையாகப் பரப்பினோம். தலைவர் முதற்படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் மேல் விரல் வைத்துக் காட்டினார். வெடிப்பு மூன்று மடங்கு அகலமாகத் தெரிந்தது. பொறியியலாளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்:

"மாஸ்டர், இந்த ரெண்டையும் எத்தினை மில்லிமீற்றரில எடுத்தனீங்கள்?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தலைவருக்கு விளங்கவில்லை. "தேதி எல்லாம் பின்னாடி இருக்குங்க ஐயா, சார் ஒண்ணு விடல" என்றார் பெருமையாக.

"தேதி இருக்கு. ஆனா லென்ஸை எவ்வளவு நீட்டினனீங்கள் எண்டு தெரியாமல், வெடிப்புப் பெருத்ததோ, படம் பெருத்ததோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

வெடிப்பை அளக்க வேறு ஏதாவது அடையாளம் உண்டா என்று அவர் தேடினார். தேயிலைச் செடிகளைக் கொண்டு பார்க்கலாமென்றால் இடையில் அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். செடிகள் பாதி உயரமாகக் குறைந்திருந்தன. சரிவில் நின்ற ஒரே நிழல் மரத்தையும் தோட்டம் தறித்துவிட்டது. லயத்துக் கூரை சட்டத்துக்குள் வரவேயில்லை. நான்தான் வெடிப்பை மட்டும் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டவன். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னார்: "ஒரு ஆள் பக்கத்தில நிண்டிருந்தாலும் காணும். ஆளின்ர உயரத்தை வச்சுக் கணக்குப் பாத்திருப்பன்."

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. படங்களைத் தேதி வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு படம் தலைகீழாக இருந்தது. அதை நேராக்கி வைத்தார்.

அக்டோபரில் அறிக்கை வந்தது. சமர்ப்பிக்கப்பட்ட படங்களைக் கொண்டு நிலம் அசைவதாக உறுதிப்படுத்த முடியவில்லை, கருவி வைத்து அளக்க வேண்டும் என்று இரண்டு வாக்கியங்கள் அதில் இருந்தன. தோட்டம் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. கருவி வரவில்லை. அதுவரை மழைக்காலம் தொடங்கியதும் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் மூடிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவுக்குப் போய்த் தங்குவது வழக்கம். கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்ல முன்பு கட்டியிருந்த கட்டடம் அது. அந்த ஆண்டு தலைவர் சாவி கேட்கப் போனபோது, அசைவு இல்லை என்று அறிக்கை இருக்கும்போது எதற்குச் சாவி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். படங்கள் இல்லாதிருந்தால் அந்த அறிக்கை வந்திராது. இதை நான் பல விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வேறு விதமாக முடியவில்லை.

"விடுங்க சார்" என்றார் தலைவர், அன்று பாடசாலை வாசலில் நின்று. "நாமதான மலை மட்டும் பேசட்டும்னோம். அது பேசுறது அவங்களுக்கு விளங்கல."

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவேயில்லை. வெளியே ஓடி வந்து கொடிக்கம்பத்தடியில் நின்றேன். வெறுங்கண்ணுக்கே எல்லாம் தெரிந்தது. வெடிப்புக்குக் கீழே இருந்த சரிவு அங்கே இல்லை. லயத்தின் கடைசி மூன்று வீடுகளும் இல்லை. எல்லோரும் வேறு மலையில் வேலையில் இருந்த நேரம். இரண்டு நாள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த தலைவரும், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரும் மட்டும் மண்ணோடு போனார்கள். தலைவரின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தாள்.

அதன் பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கருவியும் வந்தது. மிஞ்சிய குடும்பங்களைத் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். புதிய வீட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மழைக்குத் தகரம் தாங்காமல், அவர்கள் ஒவ்வொருவராக ஏழாம் நம்பர் லயத்தின் மிச்சமிருந்த ஒன்பது வீடுகளுக்கே திரும்பினார்கள். நான் 2004இல் மாற்றம் பெற்றுப் பதுளைக்கு வந்துவிட்டேன். எப்போதாவது அந்த வழியே பஸ்ஸில் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். கூரைகளில் புகை தெரியும்.

2009ஆம் ஆண்டு, வைகாசியில், தலைவரின் மகள் பதுளையில் என் வீட்டைத் தேடி வந்தாள். அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மணவறைக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைக்க அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள். வீட்டோடு எல்லாம் போய்விட்டன, அடையாள அட்டைகூட. சங்கத்தில் கேட்டதற்கு ஒரு மே தினப் படம் கொடுத்தார்களாம். அதில் கொடிக்குப் பின்னால் காது மட்டும் தெரிந்தது. "ஒங்ககிட்ட கட்டாயம் இருக்கும்னு அம்மா சொன்னாங்க சார். மாசா மாசம் எடுத்தீங்களே."

நான் இருபத்தொன்பதையும் எடுத்து வந்தேன். அவள் மேசையில் ஒவ்வொன்றாக வைத்து, முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பி, தேதியையும் மழையையும் வாசித்தாள். கடைசிப் படத்துக்கு வந்ததும், அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இத எடுக்கறப்போ அப்பா எங்க சார் இருந்தாரு?"

படத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். அதன் வலது விளிம்புக்கு வெளியே, இரண்டு அங்குலம் தள்ளி, மரப்பலகையின் மேல் விரலை வைத்தேன். அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள்.