மாஸ்டரின் தோளில் விழுந்த வரிகள்

உடற்பயிற்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி பதித்த அந்த மாடி அறையில் அவருக்கு மிக நெருக்கம் கண்ணாடிதான், மனைவி அடுத்தபடி. பிள்ளை பெற்ற பெண்கள் வயிற்றில் விழுந்த கோடுகளைச் சொல்லிக் குறைபட்டால், "அது தழும்பு இல்லக்கா, பதக்கம். பெருமையா இருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அந்த ஆண்டு ஒரு போட்டிக்காக வெறிபிடித்தாற்போல் எடை தூக்கினார். தோள் திரண்டது. சதை வளர்ந்த வேகத்துக்குத் தோலால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் அக்குளிலிருந்து தோள்வரை, நனைந்த சுவரில் விரிசல் விட்டதுபோலச் செக்கச்செவேலென்று கோடுகள். மறுநாளே கையில்லாத பனியன் பெட்டிக்குள் போய், முழுக்கைச் சட்டை வெளியே வந்தது.

மனைவி கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் தடவ வாங்கி மிச்சம் வைத்திருந்த எண்ணெயைக் குளியலறையில் ஒளிந்து தேய்த்தார். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன, மாசமா இருக்கீங்களா?" என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கா இந்தப் பாடு? என் வயித்துல எட்டு வருஷமா இருக்கு."

"அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே!"

பாராட்டாகத்தான் சொன்னார். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தோல் டாக்டரிடம் அவள்தான் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா நீட்டி முழக்கவில்லை. "எண்ணெய் தேய்ச்சா சட்டைதான் பளபளக்கும். இது முழுசா போகாது, மங்கும். சிவப்பா இருக்கும்போதே வந்தீங்களே, அது நல்லது. வெளுத்துப்போனா இன்னும் கஷ்டம். ராத்திரி போட ஒரு க்ரீம் தரேன். அது பத்தலைன்னா சின்னச் சின்ன ஊசியால தோலைக் குத்துற சிகிச்சை இருக்கு, லேசர் இருக்கு. எதுவுமே மாயாஜாலம் இல்ல."

"ஊசியா?" என்றார் மாஸ்டர். நூறு கிலோவைத் தலைக்குமேல் தூக்குகிறவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

க்ரீம் போட்டார், தோல் உரிந்து எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஊசிக்கும் உட்கார்ந்தார். மரத்துப்போக மருந்து தடவியும் மனைவியின் கையை அவர் பிடித்த பிடியில் அவள் விரல் வீங்கிவிட்டது. வியர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சில நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயிற்சி கொடுத்தார். கேட்டவர்களிடம், "சதை பிடிச்சுக்கிச்சு" என்றார்.

இப்படியே சில தடவை நடந்தது. மாதங்கள் போயின. கோடுகள் மங்கின, போகவில்லை. கிட்டே வந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

அந்த நேரத்தில் கூடத்து முதலாளி, வாசலில் மாஸ்டர் படத்தைப் பெரிதாக வைக்க ஆசைப்பட்டார். படமெடுத்தவர் மாஸ்டர் கேட்காமலே கம்ப்யூட்டரில் கோடுகளை ஒரு நொடியில் துடைத்துவிட்டார். கூடவே தோளின் திரட்சியும், கையின் நரம்பும், முகத்தில் பாதி வயதும் போய்விட்டன. மெழுகில் வார்த்தாற்போல் ஒரு பையன் படத்தில் சிரித்தான். முதலாளிக்குப் பரம திருப்தி.

புதிதாகச் சேர வந்த ஒருவர் வாசலில் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மேலே வந்து, எடைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மாஸ்டரிடம் கேட்டார்:

"அண்ணே, மாஸ்டர் எப்ப வருவாரு?"

மாஸ்டர் கையிலிருந்த தட்டை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவரு வரமாட்டாரு தம்பி. நீங்க செருப்பைக் கழட்டிட்டு வாங்க, நான் சொல்லித் தரேன்."