கப்பலோடு வளைந்த மலை

எங்கள் கட்டடத்து மேல்மாடியில் இருப்பவளைத் தெருவே கடல்காரி என்றுதான் சொல்லும்; ஆனால் அவளுக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரைக் கண்டாலே ஓரடி தள்ளி நிற்பாள் என்று அவள் மாமியார் சொல்வார். அதில் பாதியைக் கழித்துவிடலாம். ஆனால் துருவக் கடலின் அடித்தரையை வரைபடமாக்கும் ஆராய்ச்சிக் கப்பலில்தான் அவளுக்கு வேலை. கப்பலின் வயிற்றிலிருந்து ஒலியை விசிறிபோல் கீழே அனுப்புவார்கள். அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டு, திரையில் மேடுபள்ளமாகக் காட்டுவாள்.

அவள் கிளம்பியபோது மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். "புருஷன சமைக்க விட்டுட்டு ஐஸப் பாக்கப் போறா" என்பதுதான் கடைசி வாக்கியம். அதுவும் மருமகளிடம் இல்லை, சுவரிடம்.

அங்கே குளிர் எப்படியென்றால், தும்மினால் தும்மல் கீழே விழுந்து உடையும். அந்தத் துண்டுகளைக் கப்பல் சமையல்காரர் பெருக்கித் தள்ளியதாகவே கேள்வி.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு காலை திரையில் நீளமாக ஒரு மலை எழுந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத மலை. கப்பலே அவள் நாற்காலியைச் சுற்றிக் கூடிவிட்டது. பெயரை நீயே சொல்லு என்றார் தலைமை விஞ்ஞானி. அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, உங்க பேரைச் சொல்லட்டுமா?"

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "உயரமா இருக்கா?"

"நம்ம கட்டடத்தை விடப் பல மடங்கு."

"சரி, பேரை வை. சாப்பிட்டியா?"

பேச்சு திரும்பிவிட்டது. பொழுது சாய்வதற்குள் மாமியார் அந்த மலையைத் தெருவின் இரண்டு முனைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். போகப் போக அது வளர்ந்துகொண்டும் போனது.

கப்பலில் மருமகளோ திரையை விட்டு நகரவில்லை. பனிப்பாறைக்கு ஒதுங்கிக் கப்பல் வளைந்த இடத்தில் மலையும் வளைந்திருந்தது. கப்பல் நேரானதும் அதுவும் நேரானது. வளர்ப்பு நாய் மாதிரி கூடவே வந்திருந்தது. எந்த மலை அப்படி வரும்?

கடைசியாகத் தண்ணீரை அளந்தது எப்போது என்று பதிவில் தேடினாள். நீரின் குளிரும் உப்பும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். பனி உருகிக் கலந்த நீருக்குள் நுழைந்ததும் கருவியை இறக்கி மறுபடி அளந்திருக்க வேண்டும். விரல் விறைத்த சோம்பலில் பழைய அளவையே ஓட்டிவிட்டாள். விசிறியின் இரு ஓரமும் படத்தில் கீழே சரிந்து, நடு மட்டும் மலையாகத் தூக்கி நின்றது.

வாயை மூடிக்கொண்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. திறந்தால் மலை போகும். அத்தையின் பேச்சும் கூடவே போகும். தலைமை விஞ்ஞானியின் கதவைத் தட்டினாள்.

"சார், அது மலை இல்ல. நான் தண்ணிய மறுபடி அளக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக் வேற வெட்டியாச்சேம்மா" என்றார். பிறகு கப்பலைத் திருப்பச் சொன்னார். கருவி இறங்கியது. அதே தடத்தில் மறுபடி போனபோது, கடல்தரை இஸ்திரி போட்ட சட்டையாகக் கிடந்தது.

போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என் பேரை வச்சதும் கரைஞ்சிடுச்சா?" என்றார் மாமியார்.

"தப்பு என் மேல, அத்தை."

"யாரும் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. நானே போய்ச் சொன்னேன்."

"ஏண்டி?"

"படத்த நம்பி நாளைக்கு யாராவது வந்து தேடுவாங்கல்ல."

மாமியார் பெருமூச்சு விட்டார். "தெருவ நான் பாத்துக்கறேன். நீ கையுறையப் போட்டுக்கிட்டு அந்தத் தண்ணிய ஒழுங்கா அள. அப்புறம் போன் பண்ணு."

மறுநாள் வீடு வீடாகப் போய், ஏற்றிய மலையை அவரே இறக்கினார். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"உன் மருமக தப்பு பண்ணா உங்கிட்ட சொல்லுவாளா?" என்று மாமியார் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.