கீழ் லயத்துக்குப் போகாத பதினொரு பொட்டலங்கள்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பேனாவைப் பிடித்தால் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்ததுபோல விரல்கள் இறுகிவிடும். வரி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இந்த வயதிலும் எனக்கு நிச்சயமில்லை. மன்னிக்க வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தைக்கு அப்பால் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் நான். தொண்ணூற்றெட்டாம் வருடம், எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இரத்தினபுரி டவுனில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது பெரிய கிளாக்கர் என்னைக் காட்டினார்.

“இவன் குடிக்க மாட்டான், பேசவும் மாட்டான். ஒங்க வேலைக்கு இவன்தான் சரி மிஸ்.”

அவருடைய வேலை என்ன என்பதை மிஸ் எனக்கு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் படியில் உட்கார்ந்து சொன்னார். எங்கள் பக்கத்து மண்ணில் சில இடங்களில் ஒரு கறுப்பு மணல் கலந்திருக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வந்துகொண்டே இருக்கும். அது வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு அவர் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் நகக்கண் அளவில் ஒரு வெள்ளைச் சில்லு.

“இதுக்குள்ள ஈக்கிற சில்லு அந்தக் கதிரப் பிடிச்சு வச்சுக்கொள்ளும் அண்ணன். லெப்ல சூடாக்கினா அதெல்லாம் வெளிச்சமா வெளிய வரும். எவ்வளவு வெளிச்சமோ, அவ்வளவு கதிர். ஆனா ஒருக்கா சூடாக்கினா முடிஞ்சு. ரெண்டாம் தரம் கேக்க ஏலாது.”

இருக்கிற என்பதை அவர் ஈக்கிற என்பார், சொல்ல என்பதைச் செல்ல என்பார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒரு கல் தனக்குள் எதையோ சேர்த்து வைத்திருந்து, சுட்டால் வெளிச்சமாகக் கொடுக்கும் என்பதை நான் அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவரிடம் கையில் பிடிக்கும் ஒரு பெட்டியும் இருந்தது. கதிர் பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். மேல் லயத்தில் அது விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் லயத்துக்குக் கொண்டுபோனபோது தகரத்தில் மழை விழுகிற மாதிரி விடாமல் கேட்டது.

“ஆபத்துங்களா மிஸ்?” என்று கேட்டேன்.

“அதச் செல்ல இந்தப் பெட்டி போதாது. பொட்டலம் மூணு மாசம் வீட்டுக்குள்ள தொங்கினாத்தான் தெரியும். அளக்காம மனுசரப் பயங்காட்டவும் கூடாது, அளக்காம பயமில்லன்னு செல்லவும் கூடாது.”

மேல் லயத்தில் ஒன்பது வீடு, கீழ் லயத்தில் பதினொன்று. இருபது பொட்டலங்களுக்கும் வீட்டு இலக்கம் ஒட்டி என்னிடம் தந்தார். எங்கே தொங்கவிட வேண்டும், எங்கே கூடாது என்று நாலைந்து விஷயங்கள் சொன்னார். நான் தலையாட்டினேன். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். பாதிதான் காதில் விழும். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் சரி போட வேண்டும். யாராவது கேட்டால் காட்டச் சொல்லி, தோட்டத்துத் தொரை கையெழுத்து வைத்த சிங்களக் கடிதம் ஒன்றையும் தந்தார்.

மேல் லயம் நாங்கள் குடியிருக்கும் லயம். அங்கே என் மனைவியே வீடு வீடாக முன்னால் போய்ப் பேசினாள். நான் ஆணி அடித்தேன். அரைமணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் அவள் மருந்துச்சாலைக்குப் போய்விட்டாள். கீழ் லயத்துக்கு நான் தனியாகப் போனேன்.

பத்தாம் நம்பர் வீட்டு அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

“என்னப்பா, காலு வெரல எண்ணிக்கிட்டு நிக்கிற? பத்தும் இருக்கா?”

பொட்டலத்தை நீட்டினேன்.

“தாயத்து விக்கிறியா?”

“இல்லக்கா. மிஸ் குடுத்தது. உள்ள ஒரு கல்லு இருக்கு, சுட்டா வெளிச்சம் குடுக்கும். ஊட்டுக்குள்ள தொங்கவிடணும்.”

“நீ தொங்கவிட்டுட்டுப் போயிருவ. பொலிஸ் வந்து இதப் புடிச்சு ‘மே மொகத்த’, இது என்னன்னு சிங்களத்துல கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? கல்லு வெளிச்சம் குடுக்கும், அதுக்குத்தான் தொங்கவிட்டிருக்கேன்னு சொல்லவா? என் மகன ஏத்திக்கிட்டுப் போனா நீயா வந்து கூட்டிக்கிட்டு வருவ?”

யுத்தத்தால் அந்த வருடங்களில் கஹவத்தைக்கு பஸ்ஸில் போனால்கூட அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும். லயத்துக்குள்ளும் இரண்டு முறை வந்து பெட்டி, படுக்கை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்திருந்தார்கள். அக்கா பயந்ததில் தவறில்லை. ஆனால் தொரையின் கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டி, நாலு வார்த்தை பேசியிருந்தால் அக்கா சம்மதித்திருப்பார். எனக்குப் பேச்சு வரவில்லை. பீலியடியில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். மற்றப் பத்து வீடுகளின் வாசலையும் நான் மிதிக்கவே இல்லை. பயம் என்று சொன்னால் அது பாதிப் பொய். கூச்சம்தான்.

நாளைக்குப் போகலாம், மறுநாள் போகலாம் என்று ஒரு வாரம் போனது. அதற்குள் பொட்டலங்களை ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மழைக்காலம். எங்கள் தொழிலில் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் அறையில் தொங்கவிடுவோம். புகை பட்டால் பூஞ்சணம் பிடிக்காது. எனக்குத் தெரிந்த பத்திரம் அதுதான். அதனால் பதினொன்றையும் எங்கள் அடுப்புக்கு மேல், விறகு காயப்போடும் மூங்கில் பரணில், பத்திலிருந்து இருபது வரை இலக்க ஒழுங்கில் வரிசையாகக் கட்டினேன். அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, “என்னங்க, நம்ம அடுப்புக்கு மால போட்டிருக்கீங்க?” என்றாள்.

“கீழ் லயத்து ஆளுங்க வேணாங்கிறாங்க.”

“அப்ப மிஸ்கிட்ட அதச் சொல்லிடுங்க.”

சரி என்றேன். சொல்லவில்லை. சனிக்கிழமை கொப்பியில் இருபது சரி போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் போட்டேன். மூன்று மாதமும் அப்படியே போட்டேன்.

மிஸ் வருவதற்கு முதல் நாள் பொட்டலங்களை அவிழ்த்து, கரியை ஈரத்துணியால் துடைத்து, இருபதையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

“ஒண்டு கூடத் தொலையல்ல. மத்தத் தோட்டங்கள்ல பாதிதான் கெடச்சது அண்ணன்.”

தோட்டத்தில் எங்களை எதற்கும் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். இத்தனை மரம், இத்தனை வாளி. எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை சரி. அன்றைக்கு நான் அப்படித்தான் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மிஸ் மறுபடியும் வந்தார். கூடவே வெள்ளை முடியோடு ஒரு சிங்களப் பேராசிரியர். அவரை ‘சேர்’ என்றுதான் மிஸ் கூப்பிட்டார். மிஸ் தன் கொப்பியை விரித்து எனக்கும் காட்டினார். அவர் முகம் பூரித்திருந்தது.

“பாருங்க அண்ணன். கீழ் லயத்துல கூட வரும்னு நெனச்சேன். ஆனா கொறஞ்சீக்கிது. அதுவும் ஒழுங்காக் கொறஞ்சீக்கிது. பத்தாம் ஊட்டுல இருந்து எறங்கி, பதினஞ்சுல ஆகக் கொறஞ்சு, திரும்ப இருபது மட்டும் ஏறுது.”

தாளில் பதினொரு புள்ளிகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு. நடுவில் தொய்ந்த தூளி மாதிரி. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எங்கள் வீட்டுப் பரண் என் கண்ணுக்குத் தெரிந்தது. பதினைந்தாம் பொட்டலம் நேராக நெருப்புக்கு மேல் தொங்கியது. பத்தும் இருபதும் இரண்டு ஓரங்களில். சூடு பட்டால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும் என்று அவர் படியில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

மிஸ் அந்தக் கோட்டுக்காக நாலு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். லயத்துக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளைப் பாறை கிடக்க வேண்டும், அது கதிரை மறைக்கிறது என்பது அவருடைய எண்ணம். சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, “ஹொயலா பலமு” என்றார். தேடிப் பார்ப்போம்.

குழி வெட்ட ஆள் வேண்டும். நான்தான் வெட்டினேன்.

தொடங்குவதற்கு முன் மிஸ் கேட்டார். “அண்ணன், யாராவது பொட்டலத்த அடுப்படிக்கு மாத்தி வச்சாங்களா?”

“இல்லங்க மிஸ்.”

“நீங்க ஒவ்வொரு சனியும் போய்ப் பாத்தீங்களே.”

“பாத்தேங்க மிஸ்.”

“அப்ப சரி. உங்கட கொப்பியத்தான் சேருக்குக் காட்டினேன். அவர் அத நம்பித்தான் வந்தீக்கிறார்.”

இரண்டு நாளில் கீழ் லயத்து வாசலில் மூன்று குழிகள், ஆள் உயரத்துக்கு வெட்டினேன். என் வீட்டு அடுப்பின் சூட்டை அந்த மண்ணுக்குள் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாம் நம்பர் அக்கா வாசலில் நின்று, “கல்லு தோண்டுறதுன்னா ஓடையில தோண்டு, என் வாசல ஏன் ஒடைக்கிற?” என்று ஏசினார். பொட்டலத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வியர்த்தது. அவர் சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

வெள்ளைப் பாறை இல்லை. எங்கும் அதே கறுப்பு மணல் கலந்த சரளை. மூன்றாவது குழிக்குள் மிஸ் பெட்டியை இறக்கினார். அது விடாமல் டிக் டிக் என்றது. சேர் பாதைப் பக்கம் நடந்துபோனார். மிஸ் வெட்டிப்போட்ட மண்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மண் ஒண்டு செல்லுது, பொட்டலம் ஒண்டு செல்லுது. மண்ணுக்குப் பொய் தெரியாது அண்ணன்.”

நான் குழிக்குள் மண்வெட்டியோடு நின்றேன்.

“தாறதுக்கு முந்தி சில்லெல்லாத்தையும் நான்தான் லெப்ல சூடாக்கி, பழசெல்லாம் அழிச்சுத் தந்தேன். அந்தச் சூட்டுல நான் எங்கேயோ பிழ செஞ்சிட்டேன். வேற வழியில்ல. இனித் திரும்பச் செய்யவும் நேரமில்ல. உங்களச் சும்மா வெட்ட வச்சிட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்க.”

இப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். “மிஸ், பிளேன்டி குடிக்கிறீங்களா?” என்றுதான் வந்தது. குடிக்கிறேன் என்றார். என் மனைவி எங்கள் அடுப்பில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மிஸ் குடித்து முடித்த கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

குழிகளை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். “சொன்னீங்களா?” இல்லை என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைக் கேட்டதில்லை. கேட்டு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்துத் தபாலில் என் பெயருக்கு ஒரு புத்தகம் வந்தது. மிஸ்ஸின் ஆராய்ச்சி. இங்கிலிஷில் இருந்ததால் பெரிய கிளாக்கர் வாசித்துச் சொன்னார். முன்பக்கத்தில், பொறுமையோடும் நேர்மையோடும் உதவிய தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு நன்றி என்று எழுதியிருந்தது.

“பொஸ்தகத்துலயே ஏறிட்ட. இனிமே பால் வாளியத் தூக்குவியா, இல்ல அதுக்கும் ஆள் வைக்கணுமா?” என்று சிரித்தார்.

நான் கீழ் லயத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் தேடி எடுத்தார். பதினொரு வீடுகளின் அளவுகளும் நீக்கப்பட்டிருக்கின்றன, சில்லுகளை முன்கூட்டிச் சூடாக்கியதில் ஆராய்ச்சி செய்தவருக்கு நேர்ந்த தவறே காரணம். நான் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது முறையும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தை வீட்டில் ஒருவருக்கும் காட்டாமல் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் போய்விட்டது. சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் போன மாதம் கீழ் லயத்து வாசலில் கயிறு பிடித்து முளை அடித்தார்கள். லயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடுகள் கட்டப்போகிறார்களாம். அந்த மண்ணை அளந்தாயிற்றா என்று கேட்டால், அளந்தோம், அளவு பிழையாகிவிட்டது என்று ஒரு புத்தகம் சொல்கிறது. அது அளக்கப்படவே இல்லை என்று அதுவரை தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்துக்குப் போனேன். இப்போது எட்டு வீட்டில்தான் ஆட்கள். எட்டு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னேன். மறுபடி பொட்டலம் வந்தால் தொங்கவிடச் சம்மதமா என்று கேட்டேன். ஆறு வீட்டில் சரி என்றார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். பத்தாம் நம்பர் அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, “அன்னைக்குச் சொல்லாம போன மிச்சத்தச் சொல்ல இத்தன வருசமாச்சா ஒனக்கு?” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பத்திலிருந்து இருபது வரைக்குமான பொட்டலங்கள் மூன்று மாதமும் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேல்தான் இருந்தன. கொப்பியில் போட்ட சரிகள் பொய். மிஸ் சூடாக்கியதில் ஒரு பிழையும் இல்லை. இதில் ஒரு பிரதியைப் புத்தகம் வந்த உறையில் இருந்த விலாசத்துக்கு நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன். அவர் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, 2009 மார்ச் 8.