வாய் பார்த்துப் பாடிய பஜனைக் குழு

எங்கள் பஜனைக் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோரும் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். பாட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முன்பாட்டுக்காரர் வாயைப் பார்த்துத்தான் பின்பாட்டு எடுப்போம்.

முன்பாட்டு என் அக்காவின் கணவர். நல்ல குரல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். என் குரல் அதைவிட மேல் என்று எட்டு வருஷமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். கிருத்திகைதோறும் முருகன் கோயிலில் அவர் முன்னால், நான் பின்னால்.

அறுபதுகளின் நடுவில் குன்னத்தூரில் ஒரு பஜனைப் போட்டி. முதல் பரிசு குத்துவிளக்கு. மேடைக்காரர்கள் மச்சானை மைக் முன்னால் நிறுத்தி, எங்களை அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். வாய் தெரியாமல் நாங்கள் தடுமாறினோம். அதைவிட மோசம், நாங்கள் பின்பாட்டு எடுத்த பிறகும் அவர் பாட்டுக்கு அதே அடியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

பஸ் நிறுத்தத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பொரிந்து தள்ளினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று முன்னால் போய் நின்று கேட்டேன்:

"நாங்க பாடுனது கேக்கலீங்களா, மச்சான்?"

என் வாயைப் பார்த்தார்.

"உங்க வாயெல்லாம் தெரியலீங்களே மாப்ள" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தறி அவர் காதைத் தின்றிருந்தது.

அடுத்த வாரம் குழுவில், இனி நான்தான் முன்பாட்டு என்று ஒருமனதாகச் சொன்னார்கள். எட்டு வருஷம் ஏங்கிய வார்த்தை. மச்சான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுங்களே பாடட்டும். நாம வட்டமா உக்காந்துக்கலாங்க" என்றேன். காரணம் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு எந்த மேடையிலும் வட்டமாகத்தான் உட்கார்ந்தோம். சபைக்கு முதுகு காட்டுகிற குழு என்று நடுவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசிவரை ஒரு பரிசும் வாங்கவில்லை. மச்சான் அதிர்வு தெரிவதற்காக ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எதிரே என் வாயைப் பார்த்தபடி பாடுவார். நானும் வாயை நன்றாகத் திறந்து பாடுவேன். சில நாள் எரிச்சலும் வந்ததுண்டு.

சில வருஷம் கழித்து ஒரு தைப்பூசக் காலையில் எனக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் நான் வாயசைக்காவிட்டால் அவர் எங்கே எடுப்பார், எங்கே நிறுத்துவார்? பாட்டு முழுக்கச் சும்மா வாயை அசைத்தேன்.

முடிந்ததும் என் தோளைத் தட்டினார்.

"இன்னைக்குத்தானுங்க மாப்ள, உங்க கொரலு கணீர்னு கேட்டுது."

கோயில் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். திருநீறு கண்ணில் விழுந்துவிட்டது என்று, அவர் பார்க்கும்படி, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.