குறி சரியானது, அளவு சரியாகவில்லை

கணவர் கால் முறிந்து படுத்திருந்த மூன்றாவது வாரம் அது. விடியுமுன் சமைத்து, அவருக்கு மேல் துடைத்துவிட்டு, பெருந்துறையில் பஸ் ஏறி, பீளமேட்டில் இறங்கும்போதே எனக்கு உடம்பு தளர்ந்துவிடும். இரும்பில் வார்க்கும் பம்பு உறுப்புகளுக்கு மர அச்சு செய்யும் பட்டறையில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் வேலை.

வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சை நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாகச் செய்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 1.01-ஆல் பெருக்க வேண்டும். அன்று அப்படித்தான் பெருக்கினேன். ஆனால் முந்தைய வேலையில் படத்தை இடம் வலமாகத் திருப்பப் போட்ட மைனஸ் ஒன்று நீளத்துக்கான கட்டத்தில் அழியாமல் கிடந்தது. நான் கவனிக்கவில்லை.

மதியம், மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் பெண் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அக்கா, ஒருக்கா வந்து பாருங்க. தண்ணி போற வாய் வலப்பக்கந்தானுங்க இருக்கோணும்?"

இடப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தது போல மொத்த அச்சும் திரும்பிப் போயிருந்தது. ஒரு நல்ல தேக்குக் கட்டை வீண்.

பழைய வரைபடத்தின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன். புதிதாக வரையத் தெம்பில்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்தானே என்று அதே மூன்று எண்களை இன்னொரு முறை கொடுத்தேன். வாய் வலப்பக்கம் வந்தது. அப்பாடா என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது கட்டையை அவள் அளந்தாள். இருநூற்றிரண்டு மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் இருநூற்று நான்கு. பிளஸ் குறி திரும்பி வந்துவிட்டது. அளவோ இரண்டு தடவை வளர்ந்திருந்தது.

கொடுத்த எண்களை மறுபடி பார்த்தேன். பெருக்கினால் பெரிதாகும், குறைக்க மைனஸ் வேண்டும் என்று எங்கோ மனதில் பதிந்து கிடந்திருக்கிறது. ஒன்றைவிடச் சிறிய பின்னத்தால் பெருக்கினாலே அளவு குறைந்துவிடும். மைனஸ் பக்கத்தை மட்டும்தான் மாற்றும். நூறை நூற்றொன்றால் வகுத்து, அந்தப் பின்னத்தால் மூன்றையும் பெருக்கினேன். இருநூற்றிரண்டு வந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்தேன்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். "ரெண்டு கட்டையக் கெடுத்துப்போட்டேனுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி அம்மணி, நாளைக்கு லீவு போடுங்க" என்றார். வீட்டில் எனக்கு லீவு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது கட்டை இயந்திரத்தில் ஏறியது. கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இனிமே நானும் ஒருக்கா படத்தப் பாத்துப்போட்டு ஓட்டறேனுங்க அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டும் முன்பே தூங்கிப்போனேன்.