மேல்வீட்டு பேஸ்காரர்

வலது குதிகாலால் மேடையை இரண்டு முறை குத்துகிறார். ஓரடி தள்ளி நின்று மறுபடி இரண்டு முறை. இப்படி மேடை முழுக்கக் குத்திப் பார்த்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்று முடிவாகும். அதுவரை அந்தப் பெட்டி மேடைக்குக் கீழேயே நிற்கும். மற்ற வாத்தியக்காரர்கள் சாமான்களை மாட்டி, சுருதி சேர்த்து, தேநீரும் குடித்துவிட்டு இவருக்காகக் காத்திருப்பார்கள்.

"இங்க அடியில கூடு மாதிரி இருக்கு," என்பார் யாரையும் பார்க்காமல். "இங்க வெச்சா தரைதான் வாசிக்கும். நான் வாசிக்க மாட்டேன்."

இவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒட்டடைக்கோலுக்குச் சட்டை மாட்டியதுபோல உயரம். முப்பது வருடங்களாக பேஸ் கிடாரின் தடித்த நான்கு தந்திகளை அழுத்தி அழுத்தி இடதுகை விரல் நுனிகள் காய்த்துப்போய்விட்டன. ஆவி பறக்கும் தம்ளரை அந்தக் கையால் சாவகாசமாகப் பிடித்திருப்பார், நாம்தான் பதறுவோம். பேருந்தில் உட்கார்ந்தால் விரல்கள் தொடைமேல் தாமாக நடக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெண்மணி தப்பாக எடுத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாராம். அதிலிருந்து பேருந்தில் கையைக் கட்டிக்கொண்டே போகிறார்.

நான் இவருடைய கீழ்வீட்டுக்காரன். முதலில் எனக்கு அறிமுகமானது இவரல்ல, இவர் வாசித்த ஒரு சுரம். அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் என் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவு கிர்ரென்று அலறும். சண்டை போடத்தான் மாடி ஏறினேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் என்னோடு இறங்கி வந்தார். அலமாரிக் கதவை விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்துக் கதவின் விளிம்பில் ஒட்டினார்.

"இனிமே கத்தாது," என்றார். "கதவு மேல தப்பில்ல சார். உங்க தச்சன் மேலதான் தப்பு."

ஆம்ப்ளிஃபயருக்கு இவர் வைத்திருக்கும் பெயர் தடியன். இடுப்பளவு உயரம், கறுப்பு உடம்பு, முன்னால் இரும்பு வலை, அதற்குள் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரே ஸ்பீக்கர். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். மூடிவிட்ட ஒரு ஹோட்டலின் நடன அறையில், கிழிந்த ஸ்பீக்கரோடு அநாதையாகக் கிடந்ததை இவர் எடுத்து வந்தார். மூன்று மாதம் மெனக்கெட்டார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை மாற்றினார், உள்ளே இருந்த கம்பிச் சுருளை, அதாவது காயிலைத் திரும்பச் சுற்றினார், பெட்டியின் இணைப்புகளில் காற்று கசியாமல் பசை பூசினார். அதற்கு முன் பன்னிரண்டு வருடங்கள், கீபோர்டுக்காரரின் சின்னப் பெட்டியில் ஓசிக்கு ஒட்டிக்கொண்டு வாசித்தவர். "பன்னண்டு வருஷம் நான் என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியாது சார். விரலைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். தடியன் வந்த அன்னிக்குத்தான் காதால தெரிஞ்சுக்கிட்டேன்."

நல்ல பேஸ் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டால் போதும், வாய் ஓயாது. ஆம்பை மூலையில் தள்ளினால் சுவர் இரண்டும் சேர்ந்து சத்தத்தை ஊதிப் பெருக்கிக் கொழகொழவென்று ஆக்கிவிடும். காலடியில் வைத்துக்கொண்டு வாசித்தால் முழங்கால்தான் கேட்கும், காது கேட்காது. ஆகவே கொஞ்சம் சாய்த்து, நாலடி தள்ளி நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானதை எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். "கேக்கலைன்னா எல்லாரும் ஆம்ப்ல பேஸ் குமிழைக் கூட்டுவாங்க. கூட்டக் கூட்டக் கேக்காது. வயிறு மட்டும் அதிரும். பேஸைக் குறை, நடுவுல இருக்கறதைக் கூட்டு. அப்பத்தான் என்ன சுரம்னு புரியும்." சத்தம் பெரிதாக வேண்டும் என்று இவர் பெரிய ஆம்ப் வைத்திருக்கவில்லை. பாதிச் சத்தத்தில் மூச்சு வாங்காமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார். சின்ன ஆம்பை முழுக்கத் திறந்தால் அது கத்துமாம், பேசாதாம்.

குழு மைத்துனருடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. அவரே கீபோர்டும் வாசிக்கிறார். கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா, பள்ளி ஆண்டுவிழா என்று மாதம் எட்டுப் பத்து நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றிலும் வேன் கதவைத் திறக்கும்போது மைத்துனர் தடியனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "மாமா, இதுக்குத் தனியா ஒரு வண்டி வாங்கணும் போல." இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கைதட்டல் பாடகிக்கு. அதில் மிச்சம் இருந்தால் டிரம்ஸுக்கு. இவரைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பக்கம் நிக்கிற கிடாருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டவர்கள் உண்டு. அதைப்பற்றி இவருக்குக் குறை இருந்ததே இல்லை. "வாசிக்கிறப்போ யாருக்கும் தெரியாது. நிறுத்தினா தெரியும்," என்பார். "பாட்டுக்கு இடுப்பு கழண்டு போன மாதிரி இருக்கும். அதுதான் சார் நம்ம கைதட்டல்." இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு கர்வம் வந்து உட்காரும்.

போன வருடம் ஒரு கம்பெனி விழாவில் இவர் நிறுத்தினார். நான் அப்போது நான்காவது வரிசையில் இருந்தேன். அந்தக் கம்பெனியில் என் தங்கை வேலை பார்க்கிறாள், அவள் கூப்பிட்டிருந்தாள். பிற்பகல் மூன்று மணி. மூன்றாவது பாட்டின் நடுவில், தடியனின் முகப்பிலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் ஃபியூஸ் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. இவர் திரும்பிப் பார்த்தார். விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்தார்.

அரங்கில் பேஸ் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்சமும் பிசகாமல், தாளத்தோடு ஒட்டிக்கொண்டு, மேடையின் இரு பக்கமும் நின்ற பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒருவர் அதற்கேற்பக் காலாட்டிக்கொண்டிருந்தார். இவர் தன் கையைப் பார்த்தார். தடியனின் இரும்பு வலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு டிரம்ஸ்காரரைப் பார்த்தார். பதினெட்டு வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கீபோர்டில் இருந்த மைத்துனர் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது பாட்டுகள். ஒன்பதுக்கும் இவர் விரல்களை நகர்த்திக்கொண்டே நின்றார். ஏன் இறங்கிவிடவில்லை என்று பின்னால் கேட்டேன். "விழா நடத்தறவன் என்ன பாவம் பண்ணான்?" என்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே அரங்கின் பின்பக்கம் போனார், எல்லா வாத்தியச் சத்தத்தையும் கலந்து அரங்குக்கு அனுப்பும் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம். நானும் கூடப் போனேன்.

"என் லைன் எது?"

மிக்சிங்காரர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொத்தானைக் காட்டினார். பூஜ்யத்தில் இருந்தது.

"எப்பத்துலேருந்து?"

"சார், எங்கிட்ட கேக்காதீங்க. பேஸ் ட்ராக் ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்ல வருது, அதை ஏத்திவிடுன்னு சொன்னாங்க. ஏத்தினேன்."

"எப்பத்துலேருந்துன்னுதான் கேட்டேன்."

"எட்டு மாசம் இருக்கும் சார்."

எட்டு மாதமாக இவர் குதிகாலால் மேடைகளைக் குத்திப் பார்த்திருக்கிறார். சாய்த்து வைத்திருக்கிறார், நடுவைக் கூட்டியிருக்கிறார், நாலடி தள்ளி நின்றிருக்கிறார். மேடையில் நிற்பவருக்குத் தன் ஆம்ப்தான் கேட்கும், வெளியே போவது அதில் அமுங்கிவிடும். அவ்வளவு அழகான சத்தமும் இவர் ஒருவருக்காக மட்டுமே எழும்பியிருக்கிறது.

மைத்துனர் கெட்டவர் அல்ல. சாமான் ஏற்றுகிற இடத்தில், வேனின் நிழலில் வைத்துச் சொன்னார். "மாமா, உங்க வாசிப்புல குறையே இல்ல. ஆனா ஒவ்வொரு ஹால்லயும் ஒவ்வொரு மாதிரி வருது. கம்ப்யூட்டர்ல போட்டா எல்லா இடத்துலயும் ஒண்ணு மாதிரி வருது."

"அப்ப என்னை எதுக்கு நிக்க வெச்ச?"

"மேடை நிறைஞ்சு இருக்கணும்ல." மீதியையும் சொன்னார். "அக்காதான் சொன்னா. அவர்கிட்ட சொல்லிடாத, அவர் பாட்டுக்கு வாசிக்கட்டும்னு."

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருபவர்களிடம் நாள் முழுக்க இதமாகப் பேசுவதே தொழில். அன்று மாலை வீட்டில் நடந்ததை இவர் எனக்குச் சொன்னபோது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னா. துணி மடிச்சிட்டிருந்தா. மடிக்கிறதை நிறுத்தல. சொல்லியிருக்கலாமேன்னேன். சொன்னா அன்னிக்கே விட்டுட்டு வந்திருப்பீங்க, வீட்ல உக்காந்து அந்தப் பெட்டி மூஞ்சிய பாத்துக்கிட்டே இருப்பீங்க, என்னால அதைப் பாக்க முடியாதுன்னா." கையைக் கட்டிக்கொண்டார். "அவ சொன்னது நியாயம்தான் சார். ஆனா ஒண்ணு. ஒவ்வொரு ப்ரோகிராம் முடிஞ்சு வந்ததும் கேப்பா, இன்னிக்கு சவுண்ட் எப்படி இருந்துச்சுன்னு. அதுக்கு முன்னாடியெல்லாம் கேட்டதே இல்ல. இந்த எட்டு மாசமாத்தான் கேட்டா. நானும் தரை எப்படி, சுவர் எப்படின்னு முழுசாச் சொல்லுவேன். அவளும் கன்னத்துல கை வெச்சுக் கேப்பா. கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச எட்டு மாசம் அதுதான்."

குழுவை விட்டார். இப்போது ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடையொன்றில் காயில் சுற்றுகிறார். ஒரு ஆள் அகலமே உள்ள கடை. சுவர் முழுக்கக் கூம்பு கிழிந்த ஸ்பீக்கர்கள் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். வேலையில் சுத்தம், வாயில் நஞ்சு. கருகிய காயிலை முகர்ந்து பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம், "எரிச்சுட்டுத்தான் கொண்டு வருவீங்க, கருகற வாசனை வர்றப்போ கொண்டு வர மாட்டீங்க," என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். இவர் சிரிப்பதில்லை. வீட்டில் தடியன் மேல் ஒரு போர்வை. மனைவி இஸ்திரி போட்ட துணிகளை அதன்மேல்தான் அடுக்குகிறார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். கேஸ் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா என்கிற அளவில். என் அலமாரி ஏழு மாதம் வாய் திறக்கவில்லை.

போன மாதம் மைத்துனர் கடைக்கே வந்தார். ஒரு கல்லூரி விழா. முன்கூட்டிப் பதிவு செய்தது எதையும் போடக்கூடாது, எல்லாம் நேரடியாக வாசிக்க வேண்டும் என்று நிபந்தனையாம். "மாமா, இந்த ஒரு தடவை."

"வேற ஆள் பாரு."

"பாத்தேன். கிடைக்கல."

இந்த உண்மைதான் இவரை அசைத்தது என்று நினைக்கிறேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த ஹால் என்று மட்டும் கேட்டார். மைத்துனர் சொன்னார். "அது மரத்தரை," என்றார் இவர், காயிலைவிட்டுக் கண் எடுக்காமல். மறுநாள் காலை என் கண்ணாடிக் கதவு மெல்ல முனகியது. ஸ்பாஞ்சு காய்ந்து உதிர்ந்திருந்தது. நான் மாடி ஏறவில்லை.

கல்லூரி விழாவுக்கும் போனேன். இவர் மிக்சருக்கு வயர் கொடுக்க மறுத்துவிட்டார். "என் சத்தம் என் பெட்டியிலேருந்து போகும். போற தூரம் போகட்டும்." முதல் பாட்டில் இவர் வாசித்த முதல் சுரம் மரத்தரை வழியாக என் செருப்புக்கு வந்து சேர்ந்தது. சுரம் உருண்டு, தெளிவாக, இன்னது என்று பெயர் சொல்லக்கூடிய மாதிரி இருந்தது. பாடகி ஒரு வரியை அவசரப்பட்டு எடுத்தபோது இவர் அரைக்கணம் பின்வாங்கி அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். பார்த்தால் தெரியாது, கேட்டால் தெரியும். டிரம்ஸ்காரர் இரண்டு முறை தலையாட்டினார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு, நாலடி தள்ளி நின்றிருந்தார். மனைவி வந்திருந்தார். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிவதற்கு ஒரு பாட்டு முன்னால் எழுந்து போய்விட்டார்.

முடிந்ததும் மைத்துனர் கீபோர்டைத் தாண்டி வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மனமாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"மாமா, பிரமாதம். ஒரு இடத்துல கூடப் பிசகல. அப்படியே ட்ராக் மாதிரியே இருந்துச்சு."

இவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, நன்றாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து, மெதுவாக மறுபடி கட்ட ஆரம்பித்தார்.