சிஸ்டர் ஜீப்பை நிறுத்திக் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டு வாசல் சுவரில் கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கதவு போல ஒரு தகரப் பலகையை மாட்டியிருக்கிறேன். மஞ்சள் பூச்சின் மேல் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம், குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம். பக்கத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நான்கு முகங்கள். ஓரமெல்லாம் துரு. பம்மலில் தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த சின்ன சுகாதார நிலையத்தின் வாசலில் அது பல வருஷம் தொங்கியது. கட்டிடத்தை இடித்தபோது செங்கல் குவியலில் கிடந்ததை எடுத்து வந்தேன். பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். கொடுக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சிஸ்டர் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும்.

சிஸ்டர் என்று நான் சொல்வது அந்த நிலையத்தில் இருந்த நர்ஸை. எண்பதுகளின் நடுவில் எனக்கு இரண்டாவது பெண் பிறந்த பத்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, என் மாமியார் போடாத பாயைத் தானே எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு போதும், ஆபரேஷன் செய்துகொள் என்றார். என் மாமியார் அடுப்படியிலிருந்தே கத்தினார். ரெண்டும் பொட்டையாச்சே, இத்தோட நிறுத்தினா யார் கொள்ளி வெப்பாங்க என்று கேட்டார். நாட்டுக்கு நல்லதும்மா என்று சிஸ்டர் சொல்ல, மாமியார் வெளியே வந்து, "ஏன், நாடு வந்து கொள்ளி வெக்குமா?" என்றார். தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. என் பக்கம் திரும்பி, "குறைச்சுப் பெத்தா நம்ம பங்கு கூடும். படிப்பு, சோறு, தண்ணி எல்லாத்துலயும். இது நான் சொல்ற வார்த்தை" என்றார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் போனேன். வலிக்குமா என்று கேட்டதற்கு, வலிக்கும் என்றார். பொய் சொல்லாத அந்த ஒரு பதிலில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஜீப்பில் கூடவே வந்தார், மயக்கம் தெளியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமியாரின் வசவு பல வருஷம் ஓடியது. அந்த வசவிலிருந்து பகல் நேரத்திலாவது நான் தப்பிக்கட்டும் என்று, பத்தாவது வரை படித்த என்னைத் தன் நிலையத்திலேயே ஆயாவாகச் சேர்த்துவிட்டார். இருபத்து மூன்று வயதில் ஊருக்கே நான் ஆயா.

அவர் வேலை எப்படி நடந்தது என்று இன்றைக்கு இருப்பவர்களுக்குத் தெரியாது. வருஷத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று மேலிருந்து இலக்கு வரும். குறைந்தால் மாதக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். வயதான நர்ஸ்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நிற்பார்களாம். தோல் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து பெண்கள் வரும் நேரம் பார்த்து நாங்கள் சந்துக்குள் போவோம். "இன்னா சிஸ்டர், ஆள் புடிக்க வந்துகினியா?" என்று குடத்தோடு நிற்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். ஆமாம், உன்னைத்தான் என்பார். எல்லாக் கிணற்றிலும் தோல் ஊறிய பழுப்புத் தண்ணீர். குடிக்க லாரி வந்தால்தான் உண்டு. அந்த வரிசையில் நின்றே சிஸ்டர் பேசுவார். எல்லோரிடமும் அதே பேச்சுதான். நம்ம பங்கு கூடும். ஒவ்வொரு பெண்ணும் புருஷனிடமும் மாமியாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, நிறுத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு ஐந்து ஆறு என்று இருந்த சந்தில் இரண்டு பிள்ளைகளே வழக்கமாயிற்று.

தொண்ணூறுகளில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலுக்கு சிஸ்டருக்கும் ஓட்டுச்சாவடி வேலை போட்டார்கள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு. மறுநாள் நிலையத்துக்கு வந்தவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நானாகக் கேட்கவில்லை, கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை. மத்தியானத்துக்கு மேல் அவரே சொன்னார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கிளார்க் அவரைப் பார்த்து, உங்க குடும்பக் கட்டுப்பாட்டு ஆளுங்களாலதான் சிஸ்டர் டெல்லியில நமக்கு ரெண்டு சீட்டு போச்சு என்று கேலி செய்திருக்கிறார். சிஸ்டருக்குப் புரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஒரு தலைமை ஆசிரியர்தான் திரும்பி விளக்கியிருக்கிறார். ஜனத்தொகையை வைத்துத்தான் மாநிலத்துக்கு இத்தனை எம்.பி. என்று பிரிக்கிறார்கள். நமக்கு நாற்பத்தொன்று இருந்தது. மற்ற இடங்களில் ஜனம் வேகமாகப் பெருகியது, நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. அறுபத்தேழு தேர்தலில் முப்பத்தொன்பது ஆக்கிவிட்டார்கள். பிறகு எழுபதுகளில், இரண்டாயிரம் வரைக்கும் யாருக்கும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அது முடிந்து மறுபடி பிரித்தால் இன்னும் போகும்.

சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்தது எழுபதில். "அந்த ரெண்டு நான் வர்றதுக்கு முன்னாடி போச்சு. இனிமே போகப்போறதுதான் என் கைங்கரியம்" என்றார். பேசிக்கொண்டே ஊசிகளை வெந்நீரில் போட்டார். "பங்கு கூடும்னு வீடு வீடா சொன்னேனே. நம்மகிட்ட நிறுத்துன்னு சொன்னவன்தானே எண்ணிப் பாத்து, நீ கம்மியா கீறன்னு சீட்டையும் எடுக்கறான்?"

அப்போது எனக்கு முழுசாக உறைக்கவில்லை. எம்.பி. என்றால் ஓட்டுக்கு ஒரு முறை கும்பிட்டுவிட்டுப் போகிறவர். ஒருவர் குறைந்தால் நமக்கென்ன என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து எங்கள் சந்துப் பெண்கள் எத்தனை மனு கொடுத்தார்கள். எதைக் கேட்டாலும், அது டெல்லியில் பேச வேண்டியது என்றுதானே பதில் வந்தது? பேச வேண்டியது அங்கே என்றால், பேசுகிற வாயை ஏன் குறைக்க வேண்டும்? சொன்னதைச் செய்தவன் வாயை மூடுவதற்குப் பெயர் கணக்கெடுப்பா?

அந்த வாரமே ஒரு வேட்பாளர் திறந்த ஜீப்பில் பம்மல் மெயின் ரோட்டில் வந்தார். நாங்கள் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மருந்துப் பெட்டி என் தோளில். தண்ணீர் லாரி குறுக்கே நின்றதால் ஜீப் நின்றது. சிஸ்டர் நேராகப் போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாங்க ரெண்டோட நிறுத்திக்கிட்டோம், அதுக்குத் தண்டனையா சீட்டைக் குறைப்பாங்களாமே, "அங்க போய் இதக் கேப்பீங்களா ஐயா?" என்றார். வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்காமலே, எல்லாத்தையும் கேட்டுடலாம்மா என்றார். சிஸ்டர் என்ன கேட்டார் என்றே அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற ஒருவன், "சீட்டு வேணும்னா இன்னும் ரெண்டு பெத்துக்க சிஸ்டர்" என்றான். சிஸ்டருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. குடத்தோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இவளைக் கேளுங்க. ரெண்டும் பொண்ணு. என் பேச்சை நம்பி நிறுத்திக்கிட்டா. சொல்லுடி" என்றார்.

நான் மருந்துப் பெட்டியின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாரி நகர்ந்தது, ஜீப்பும் போய்விட்டது.

பத்து நாளில் சிஸ்டருக்கு மெமோ வந்தது. தேர்தல் வேலையில் இருக்கும் அரசு ஊழியர் வேட்பாளரை வழிமறித்துத் தகராறு செய்தாராம். விசாரிக்க வந்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் தகராறு செய்யவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியாது சார், நான் பின்னாடி நின்னேன் என்றேன். வேலை போய்விடும் என்று பயம். சிஸ்டரைச் செங்கல்பட்டுக்கும் அப்பால் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. போகிற அன்று என்னை ஒன்றும் திட்டவில்லை. வாசலில் இருந்த இந்தப் பலகையைத் துணியால் துடைத்தார். "நான் பொய் சொல்லலடி. என்னைச் சொல்ல வெச்சவங்க பொய் சொல்லிட்டாங்க" என்றார். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

என் புருஷன் இறந்தபோது மூத்த மகள்தான் கொள்ளி வைத்தாள். மாமியாரின் கேள்விக்கு அப்படிப் பதில் கிடைத்தது. சிஸ்டரின் கேள்விக்கு இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாயிரத்தில் பிரிக்காமல் இன்னும் கொஞ்ச காலம் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைப்பது தீர்ப்பு ஆகுமா? டிவியில் இப்போது கோட்டு போட்டவர்கள் இதையே புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். தண்ணீர் லாரிக்கு எதிரில் நின்று ஒரு நர்ஸ் கேட்டபோது சிரித்தார்கள், மெமோ கொடுத்தார்கள்.

போன தேர்தலில் ஒரு கட்சிக்காரர் பசை வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். மீட்டர் பெட்டி மேல இந்தத் தகரம் வாட்டமா கீதுக்கா, இதுல ஒண்ணு ஒட்டிக்கறேன் என்று போஸ்டரை விரித்தார். பலகையில் அந்த நான்கு முகங்களுக்கு நேராக ஒரு கும்பிடும் கை வந்தது. நான் தெருவில் குரல் உயர்த்திப் பேசினதே இல்லை. அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்டது. எனக்கு இரண்டு பெண்கள், இந்தப் பலகையை நம்பி நிறுத்திக்கொண்டேன், அதற்காக டெல்லியில் நம் இடத்தைக் குறைத்தால் உங்க ஆள் அங்கே என்ன கேட்பார் என்றேன். அவர் போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெரியலையேக்கா என்றார்.

"தெரிஞ்சிகினு வந்து ஒட்டு" என்றேன்.